டைப்-சி வாய் ஒன்றுதான், கேபிள் ஒன்றல்ல: சார்ஜ் ஏறாத கழுத்து விசிறியில் தொடங்கிய இழை

2025 ஏப்ரல் 5, வாசகர் கேள்வி

வெயிலுக்காகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் விசிறி ஒன்று வாங்கினேன். டைப்-சி வாய்தான். லேப்டாப்புடன் வந்த 65 வாட் சார்ஜரில், இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் சின்ன விளக்குகூட எரிவதில்லை. வீட்டில் கிடந்த பழைய போன் சார்ஜரில் அதே விசிறிக்கு ஒழுங்காகச் சார்ஜ் ஏறுகிறது. விசிறி நன்றாக இருக்கிறது, உங்கள் லேப்டாப் சார்ஜர்தான் பழுது என்கிறார் கடைக்காரர். லேப்டாப்புக்கே சார்ஜ் ஏற்றுகிற சார்ஜரால் இந்தச் சுண்டைக்காய் விசிறிக்கு முடியாதா?

2025 ஏப்ரல் 5, இரவு

சார்ஜர் பழுதில்லை. அதை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். குறை விசிறியில் இருக்கிறது.

பழைய செவ்வக வாய் கொண்ட சார்ஜரில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். யார் செருகினாலும் வாங்கிக்கொள்ளலாம். டைப்-சி வாய் கொண்ட சார்ஜர் அப்படியல்ல. எதிர்ப்பக்கத்தில் மின்சாரம் வாங்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும் வரை அதன் வாயில் மின்னழுத்தம் பூஜ்யம். அந்த உறுதியைத் தருவது கருவிக்குள் இருக்க வேண்டிய இரண்டு மின்தடைகள், ஒவ்வொன்றும் 5.1 கிலோ ஓம். அவை இருந்தால்தான் சார்ஜர் கதவைத் திறக்கும். உங்கள் விசிறியைச் செய்தவர்கள் டைப்-சி வாயை மட்டும் ஒட்டிவிட்டு அந்த இரண்டு மின்தடைகளைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். விலை பைசாக் கணக்கில் வரும் பொருள்.

டிரிம்மர், டார்ச், கொசு பேட், ஜூஸ் பாட்டில், மலிவான ப்ளூடூத் ஸ்பீக்கர் என எல்லாவற்றிலும் இதே கதை நடக்கிறது. பெட்டிக்குள் செவ்வக முனையிலிருந்து டைப்-சிக்குப் போகும் குட்டிக் கேபிள் ஒன்றைப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கேபிளோடு மட்டும் அது வேலை செய்யும். அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

2025 ஏப்ரல் 6

அப்படியானால் பழைய கேபிளில் மட்டும் எப்படி ஏறுகிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். செவ்வக முனை சார்ஜருக்கு எந்த உறுதியும் தேவையில்லை, அது கேட்காமலே கொடுக்கும். விசிறியும் கேட்காமலே வாங்கிக்கொள்ளும். சார்ஜருக்கும் விசிறிக்கும் இடையே பேச்சுவார்த்தை கிடையாது.

நல்ல போனில் நிலைமை வேறு. செவ்வக முனையிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளுக்குள்ளேயே 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. "எதிரே இருப்பது பழைய வகை சார்ஜர், 3 ஆம்பியரை இழுத்துவிடாதே" என்று போனை எச்சரிப்பது அதுதான். டைப்-சி புதிதாக வந்த நாட்களில் பல கேபிள்களில் இதைத் தவறாகப் போட்டார்கள். 2015இல் கூகுளில் வேலை செய்த பென்சன் லியுங் என்ற பொறியாளர் இணையக் கடையில் விற்ற கேபிள்களைத் தாமே வாங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதத் தொடங்கினார். 2016 தொடக்கத்தில் உள்ளே கம்பிகள் இடம் மாறியிருந்த கேபிள் ஒன்று அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கியது. அதன் பிறகுதான் அந்த இணையக் கடை விதிக்கு ஒத்துவராத டைப்-சி கேபிள்களை விற்கத் தடை போட்டது. ஒருவர் விடாமல் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. கேபிளைப் பற்றிப் பேசுவதையே அற்ப விஷயம் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

மின்தடை விஷயத்தில் பெயர் பெற்ற கருவிகளும் சறுக்கியிருக்கின்றன. 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினியின் முதல் பலகையில் இரண்டு தனி மின்தடைகளுக்குப் பதிலாக ஒன்றையே பொதுவாக வைத்தார்கள். சில்லு பதித்த விலை உயர்ந்த கேபிளை மாட்டினால், சார்ஜர் அதை இயர்போன் அடாப்டர் என்று எடுத்துக்கொண்டு மின்சாரம் தர மறுத்தது. சாதாரணக் கேபிளில் ஓடியது. பின்னால் வந்த பலகைகளில் சரிசெய்துவிட்டார்கள். ஆகவே கழுத்து விசிறியை மட்டும் திட்டிப் பயனில்லை.

2025 ஏப்ரல் 8

செவ்வக முனையை டைப்-சி வாயாக மாற்றும் குட்டி மாற்றியை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று ஒரு நண்பர் சொல்கிறார். விசிறிக்கு வேலை செய்யும், உண்மைதான். ஆனால் அந்த வகை மாற்றி டைப்-சி விதிகளில் அனுமதிக்கப்படாத பொருள். அது மேசையில் கிடந்தால் வீட்டில் வேறு யாராவது வேறு எதிலாவது மாட்டுவார்கள். ஒரு நல்ல செவ்வக முனைக் கேபிளைத் தனியாக வைத்துக்கொள்வதே சரி.

2025 ஏப்ரல் 12

இங்கிருந்து பேச்சு கொஞ்சம் விலகுகிறது. ஆனால் இதை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஊரிலிருந்து அம்மா போனில் சொன்னார்: "தம்பி, இந்த போனுக்கு ராத்திரி முழுக்கப் போட்டாலும் பாதிக்கு மேல் ஏறவில்லை. கடையில் பேட்டரி செத்துப்போச்சு, மாற்றணும் என்கிறார்கள்." வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத போன். அவசரப்பட வேண்டாம், நான் வருகிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தால் காரணம் கட்டிலுக்கும் பிளக் பாயிண்டுக்கும் இடையில் இருக்கும் தூரம். படுத்துக்கொண்டே கைபேசியில் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தெருவில் வந்த வியாபாரியிடம் மூன்று மீட்டர் நீளமான வெள்ளைக் கேபிளை வாங்கியிருக்கிறார். கையில் எடுத்தாலே நூலைப் போல லேசாக இருந்தது. என்னிடம் சின்ன யு.எஸ்.பி. மீட்டர் ஒன்று உண்டு, இரு பக்கமும் செருகி வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும் கருவி. சார்ஜர் முனையில் 5.1 வோல்ட். போன் முனையில் 4.3. மின்னோட்டம் அரை ஆம்பியரையும் ஒட்டி ஒட்டாமல். அத்தனை நேரமும் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது, பாட்டும் ஓடியது. வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போனதில் ஆச்சரியமே இல்லை.

கணக்கு எளிது. மலிவான கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பி 28 கேஜ் அளவு மெல்லியது. அந்தச் செப்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை. போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி என்பதால் ஒரு மீட்டர் கேபிளுக்கே 0.42 ஓம் ஆகிவிடும். 2 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். மூன்று மீட்டர் என்றால் சொல்லவே வேண்டாம். மின்னழுத்தம் இறங்குவதைக் கண்டதும் போனே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். மொட்டை மாடியில் எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும் கீழே வரும் குழாய் பேனா ரீஃபில் அளவு இருந்தால் வாளி எப்போது நிறையும்?

செய்தது இவ்வளவுதான். கட்டில் பக்கத்துக்கு ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். போனுடன் வந்து பீரோவில் பத்திரமாக உறங்கிக்கொண்டிருந்த ஒரிஜினல் ஒரு மீட்டர் கேபிள். மறுநாள் காலையில் நூறு. "நல்லது கெட்டுவிடக் கூடாதென்று எடுத்து வைத்தேன்" என்றார் அம்மா. பேட்டரிக்கும் கூலிக்கும் அந்தக் கடையில் கேட்ட தொகையை இங்கே எழுதினால் எனக்கு மறுபடியும் கோபம் வரும். கேபிளை மாற்றிப் பார்க்காமல் பேட்டரியை மாற்றச் சொல்வது எந்தத் தொழில் தர்மத்திலும் சேராது.

2025 ஏப்ரல் 13

நேற்றைய குறிப்போடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீளமான கேபிள் எல்லாமே கூடாது என்று அதைப் படித்தவர்கள் முடிவுகட்ட வேண்டாம். வேகமாகச் சார்ஜ் ஏற்றும் சார்ஜர்கள் பல 9 வோல்ட்டுக்குத் தாவுவது இதற்காகத்தான். 18 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் 3.6 ஆம்பியர் ஓட வேண்டும், 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அதே கேபிளில் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. அம்மாவின் சார்ஜர் 5 வோல்ட் மட்டும் தரும் பழைய வகை. அதனால்தான் கேபிளின் மெலிவு அப்படியே வெளியே தெரிந்தது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு: போனை முழுவதும் அணைத்துவிட்டு, ஒரே சார்ஜரில், வேறு கேபிளைப் போட்டு அரை மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று பாருங்கள். அதுவே போதும்.

2025 ஏப்ரல் 13, மாலை

கேபிளை மாற்றியும் ஏறவில்லை, ஆட்டிப் பிடித்தால்தான் ஏறுகிறது என்று எழுதியவருக்கு: கடைக்குப் போவதற்கு முன் அந்த வாயை வெளிச்சத்தில் பாருங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கும் பிரிவில் வேலை பார்க்கும் என் மைத்துனருடைய போனும் இப்படித்தான் இருந்தது. கேபிள் முனை முழுதாக உள்ளே போகாமல் ஒரு நகக்கண் அளவுக்கு வெளியே நின்றது. செருகும்போது வர வேண்டிய அந்த "டிக்" இல்லை. போனை அணைத்தோம். மரப் பல்குச்சியின் நுனியைக் கொஞ்சம் சீவி, பக்கச் சுவரை ஒட்டி மெல்ல வருடி எடுத்தோம். முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது முறை சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று அப்படியே தட்டையாக வெளியே வந்தது. பஞ்சுத் தூசி சட்டைப்பைக்குள் போய், ஒவ்வொரு முறை செருகும்போதும் கேபிள் முனையே அதை உள்ளே தள்ளித் தள்ளி அழுத்தியிருக்கிறது. எடுத்த பிறகு செருகினால் "டிக்" என்ற சத்தம் சமையலறை வரை கேட்டது என்று தங்கை சொல்கிறாள். அவளுக்கு மிகைப்படுத்திச் சொல்வது வழக்கம், ஆனால் சந்தோஷம் உண்மை.

ஊசி, ஊக்கு, ஹேர்பின் வேண்டவே வேண்டாம். டைப்-சி வாய்க்குள் நடுவில் நிற்பது மெல்லிய நாக்கு, அதன் இரு பக்கமும் சேர்த்து 24 தொடுமுனைகள். உலோகம் பட்டால் அவற்றை இணைத்துவிடும், அழுத்தினால் நாக்கே ஒடிந்துவிடும். வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

2025 ஏப்ரல் 19

"65 வாட் சார்ஜரைப் போனில் போட்டால் போன் எரிந்துவிடாதா?" என்ற கேள்வி ஆறாவது ஆளிடமிருந்தும் வந்துவிட்டது. எரியாது. சார்ஜர் தள்ளுவதில்லை, போன்தான் கேட்டு வாங்குகிறது. பவர் டெலிவரி என்ற முறையில் எல்லாமே 5 வோல்ட்டில்தான் தொடங்கும். சார்ஜர் தன்னிடம் இருப்பதைப் பட்டியலாகச் சொல்லும்: 5, 9, 15, 20 வோல்ட். போன் தனக்குத் தேவையானதைக் கேட்கும். பதில் சொல்லத் தெரியாத கருவிக்கு 5 வோல்ட்டோடு சரி.

பயப்பட வேண்டியது அதிக வாட்டைப் பார்த்து அல்ல, எழுத்தே இல்லாத சார்ஜரைப் பார்த்து. அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை ஒரு முறை படியுங்கள். லேப்டாப் சார்ஜரில் "20 வோல்ட், 3.25 ஆம்பியர்" என்று இருக்கும், பெருக்கினால் 65. நம் நாட்டில் விற்கும் அடாப்டர், பவர் பேங்க் இரண்டுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். "ஆர்" என்ற எழுத்துடன் தொடங்கும் எண் அதில் இருக்க வேண்டும். அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை இட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த பதிவு என்று காட்டும். அடாப்டரில் உள்ள எண்ணைப் போட்டு வேறு ஏதோ பொருள் வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2025 ஏப்ரல் 20

"என் போனும் 67 வாட், சார்ஜரும் 65 வாட், ஆனால் ஆமை வேகம்." இதற்குக் காரணம் வாட் அல்ல, மொழி. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. ஒப்போ 2014இல் வூக் என்ற பெயரில் 5 வோல்ட்டிலேயே சுமார் 4 ஆம்பியரைத் தள்ளும் முறையைக் கொண்டுவந்தது. அதற்குத் தடித்த கம்பி கொண்ட தனிக் கேபிளும் தனிச் சார்ஜரும் வேண்டும். ஒன்பிளஸின் டாஷ் சார்ஜிங் அதே வழியில் வந்தது. இந்தப் போன்களை வேறு சார்ஜரில் போட்டால் இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்த குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். சாம்சங்கின் 45 வாட் வேகம் வேண்டுமென்றால் மின்னழுத்தத்தைச் சிறு சிறு படிகளாக மாற்றித் தரும் பி.பி.எஸ். என்ற வசதி உள்ள சார்ஜர் வேண்டும், அதோடு 5 ஆம்பியர் கேபிளும் வேண்டும். சாதாரணக் கேபிள் 3 ஆம்பியரில் நின்றுவிடும். 3 ஆம்பியரைத் தாண்டுவதற்குக் கேபிள் முனைக்குள் தன் தகுதியைச் சொல்லும் சில்லு ஒன்று இருக்க வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே மாதிரி.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இந்தக் கடைசி வரிதான்.

2025 மே 3

ஒருவர் தனிப்பட்ட முறையில் கேட்டது, பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். சார்ஜ் போட்டபடி லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் விரலில் ஏதோ நடுங்குவது போல, மெல்லிய ஷாக் போல இருக்கிறதாம். போனின் உலோக விளிம்பிலும் அப்படியே.

இரண்டு பின் அடாப்டர்களில் இது வழக்கம்தான். உள்ளே மின்சார வாரியத்திலிருந்து வரும் 230 வோல்ட் பக்கத்துக்கும் நம் கை படும் பக்கத்துக்கும் நடுவில், மின் இரைச்சலைக் குறைப்பதற்காகச் சிறிய மின்தேக்கி ஒன்று வைத்திருப்பார்கள். அதன் வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கசிவு வரும். விரலை அழுத்தி வைத்தால் தெரியாது, மெல்ல நகர்த்தினால் தெரியும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். தரமான அடாப்டரில் இது ஆபத்தான அளவு அல்ல. மூன்று பின் கம்பி உள்ள சார்ஜரைப் போட்டால் கசிவு எர்த் வழியாக இறங்கிவிடும், நடுக்கம் நின்றுவிடும்.

மூன்று பின் போட்டும் நிற்கவில்லை என்றால் உங்கள் வீட்டு எர்த்தைச் சந்தேகியுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் பாக்ஸில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது. அது ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் தொடுகிற கைகளின் பிரச்சினை. எலெக்ட்ரீஷியனை அன்றே கூப்பிடுங்கள். சுளீர் என்று அடித்தாலோ, எழுத்தில்லாத மலிவு அடாப்டரில் இப்படி இருந்தாலோ அதை உடனே கழற்றிப் போடுங்கள். குழந்தைகள் சார்ஜில் போட்டபடி போனைக் காதில் வைத்துப் பேசுகிற வீடுகளில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

2025 மே 10

பவர் பேங்க். "10,000 என்று போட்டிருக்கிறது, என் போன் 5,000, ஆனால் இரண்டு முறை ஏறவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்." பெரும்பாலும் ஏமாற்றவில்லை, எழுதிய விதம்தான் ஏமாற்றுகிறது. அந்த 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு. ஆற்றலாகப் பார்த்தால் 37 வாட் மணி. 5 வோல்ட்டுக்கு ஏற்றினாலே 7,400 ஆகிவிடும், அந்த ஏற்றத்திலும் கேபிளிலும் போனுக்குள்ளும் வெப்பமாகக் கொஞ்சம் போகும். பின்பக்கத்தைப் பாருங்கள், "மதிப்பிட்ட கொள்ளளவு" என்று பொடி எழுத்தில் 6,000 சொச்சம் ஏதோ இருக்கும். விலையை ஒப்பிடும்போது அதைத்தான் ஒப்பிட வேண்டும். 5,000 போனுக்கு ஒன்றரை முறை ஏறினால் அது நேர்மையான பவர் பேங்க்.

விமானத்தில் போகிறவர்களுக்கும் இந்த வாட் மணிக் கணக்கு தேவை. 100 வாட் மணிக்குள் இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம், அதாவது சுமார் 27,000 வரை. செக்-இன் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் உறவினர்களுக்கு இன்னொன்று: சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதையும், இருக்கையில் உள்ள வாயிலிருந்து பவர் பேங்குக்கு ஏற்றுவதையும் தடை செய்திருக்கின்றன. ஜனவரி இறுதியில் தென் கொரியாவில் கிம்ஹே விமான நிலையத்தில் நின்றிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. விசாரணையாளர்கள் மேல் பெட்டியில் இருந்த பவர் பேங்கைத்தான் சந்தேகித்தார்கள். ஆகவே இந்தக் கெடுபிடியைப் பார்த்து எரிச்சல் படாதீர்கள். புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே போனை நிரப்பிக்கொண்டு போங்கள்.

2025 மே 11

மேலே உள்ளதோடு ஒன்று. இயர்பட்ஸ் பெட்டியையோ ஸ்மார்ட் வாட்சையோ பவர் பேங்கில் போட்டால் சிறிது நேரத்தில் அணைந்துவிடுகிறது, பவர் பேங்க் கெட்டுப்போய்விட்டதா என்ற கேள்விக்கு: இல்லை. அவை இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. யாரும் இல்லை என்று எண்ணி பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்கிறது. பலவற்றில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலோ சில வினாடி அழுத்திப் பிடித்தாலோ சிறு கருவிகளுக்கான முறைக்கு மாறும். பெட்டியில் வந்த தாளில் எழுதியிருப்பார்கள். அந்தத் தாளை நம் வீடுகளில் யாரும் படிப்பதில்லை, முதல் நாளே பொட்டலம் மடிக்கப் போய்விடுகிறது.

2025 மே 24

ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். பழைய போனில் 3.5 மி.மீ. இயர்போன் துளை இருந்ததாம், புதியதில் இல்லை. விடியற்காலையில் தேவாரம் கேட்பவர். டைப்-சியிலிருந்து இயர்போனுக்கு மாற்றும் வால் ஒன்றைப் பேரன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். பேரனின் போனில் பாடுகிறது, தாத்தாவின் போனில் பாடவில்லை.

ஐயா, அந்த வால் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று வெறும் கம்பி, போனுக்குள்ளிருந்தே ஒலி வெளியே வர வேண்டும். அந்த வசதி சில போன்களில் உண்டு, சாம்சங், கூகுள் பிக்சல் போன்றவற்றில் இல்லை. மற்றொன்றில் எண்மத் தகவலை ஒலியாக மாற்றும் சில்லு வாலுக்குள்ளேயே இருக்கும். கடையில் "டி.ஏ.சி. உள்ளது" என்று கேட்டு வாங்குங்கள், உங்கள் போனில் பாடும். ப்ளூடூத் போடுங்கள் என்று உங்களுக்குச் சொல்பவர்கள் இரவில் மூன்று பொருளுக்குச் சார்ஜ் போடும் வேலையையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கம்பி இயர்போன் உங்களுக்கு வசதியாக இருந்தால் அதை விட வேண்டாம்.

2025 மே 25

பெரியவரிடமிருந்து பதில் வந்தது. சில்லு உள்ள வாலில் பாடுகிறதாம், ஆனால் ஒலி சற்றுக் குறைவு என்கிறார். ஆப்பிளின் வாலை ஆண்ட்ராய்டு போனில் மாட்டினால் இப்படி ஆவதுண்டு. வேறு நிறுவனத்தின் வால் என்றால் போனின் அமைப்புகளில் ஒலி வரம்பு ஏதாவது போட்டிருக்கிறதா என்று பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2025 ஜூன் 8

மழையில் நனைந்த போனை அரிசிப் பானைக்குள் வைக்கலாமா? வேண்டாம். 2024இல் ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் அரிசியில் வைக்காதீர்கள் என்று எழுதிவிட்டது, அரிசித் துகள் வாய்க்குள் போகும் என்பதால். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள், காற்றாட வையுங்கள். ஈரம் என்று போன் எச்சரிக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் தொடுமுனைகள் பச்சை பூத்துவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றே போதும், இன்னும் கவனமாக இருங்கள்.

2025 ஜூன் 15

ஏப்ரல் 20இல் வருத்தம் என்று ஒரு வரி எழுதி விட்டுவிட்டேன். அதை விரிக்கச் சொல்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன், டேப்லெட், கேமரா, இயர்போன், ஸ்பீக்கர், மின்நூல் வாசிப்பான் எல்லாவற்றிலும் டைப்-சி வாய் கட்டாயம். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 முதல். அங்கே வாயை மட்டும் ஒன்றாக்கிவிட்டு நிறுத்தவில்லை. 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஏறும் கருவி எதுவானாலும் பவர் டெலிவரி முறையையும் ஏற்க வேண்டும் என்று சேர்த்தே எழுதினார்கள். ஆப்பிள் 2012 முதல் பிடித்துவைத்திருந்த லைட்னிங் வாயை 2023இல் ஐபோன் 15இல் விட்டதற்கு இந்தச் சட்டத்தின் நெருக்குதலும் காரணம். நான் இதை மனதார வரவேற்கிறேன். ஒரு வீட்டில் நான்கு பேருக்கு நான்கு வகை சார்ஜர் இருந்த காலத்தை நாம் கண்டவர்கள்.

ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. வாயைப் பார்த்தால் தெரிகிறது, கேபிளைப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. என் மேசை இழுப்பறையில் கிடக்கும் வெள்ளைக் கேபிள்களில் எது 60 வாட், எது 240 வாட், எது வெறும் சார்ஜுக்கு, எது படங்களை வேகமாக மாற்றுவதற்கு என்று என்னாலேயே மீட்டர் இல்லாமல் சொல்ல முடியாது. ஐபோன் 15இல் கூட சாதாரண மாதிரி 2000ஆம் ஆண்டு வந்த யு.எஸ்.பி. 2 வேகத்தில், அதாவது நொடிக்கு 480 மெகாபிட்டில்தான் தகவல் அனுப்பும். ப்ரோ மாதிரி 10 கிகாபிட்டில் அனுப்பும். வாய் ஒன்றேதான். யு.எஸ்.பி. அமைப்பு 2021இல் சான்று பெற்ற கேபிள்களில் 60 வாட், 240 வாட் என்று அச்சிடுவதற்கான முத்திரைகளை அறிவித்தது. அறிவித்தது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. நம்மூர்க் கடையில் தொங்கும் கேபிள்களில் எத்தனையில் அந்த முத்திரை இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கேபிள் முனையில் வாட்டையும் வேகத்தையும் அழியாத எழுத்தில் அச்சிட வேண்டும். டைப்-சி வாய் வைத்து விற்கும் எந்தக் கருவியிலும் அந்த இரண்டு மின்தடைகள் இருக்க வேண்டும். அடாப்டருக்குப் பதிவு எண் கட்டாயம் என்று வைக்க முடிந்த நாட்டில் இதையும் வைக்க முடியும். அம்மாவைப் போன்றவர்கள் மீட்டர் வாங்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

2025 ஜூன் 16

விடுபட்ட அந்த மின்தடைகளைத் தானே பற்றவைத்துக்கொள்ளலாமா என்று விசிறிக்காரர்களில் ஒருவர் கேட்கிறார். சால்டரிங் கைவந்தவர் என்றால் முடியும், எதிரே கருவி இருக்கிறதா என்று சார்ஜர் பார்க்கும் சி.சி. முனைகள் வாயில் இரண்டு உண்டு, அவை இரண்டிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் மின்தடையைக் கிரவுண்ட் முனைக்கு இணைக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை கதையை நினைவில் வைத்து இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். ஆனால் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, சால்டரிங் சூடு அதன் அருகில் போகக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.

2025 ஜூன் 29

கடைசியாக வந்த கேள்வி, உடனடியாகப் பதில் சொல்ல வேண்டியது. பவர் பேங்க் வயிறு உப்பி, மூடி விரிந்திருக்கிறது, இன்னும் வேலை செய்கிறது, பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடிப் பார்க்காதீர்கள், ஓட்டை போடாதீர்கள். வெயில் படாத இடத்தில், துணி, காகிதம், சிலிண்டர் எதற்கும் அருகில் இல்லாமல், மண் சட்டியிலோ சிமென்ட் தரையிலோ தனியாக வையுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியின் அழுத்தத்தில் தீப்பிடிக்கும், அது நம் தெருத் தூய்மைப் பணியாளர்களின் உயிர் சம்பந்தப்பட்டது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. பவர் பேங்கில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு நாளைக் காலையே பேசுங்கள். தட்டிக்கழித்தால் மாநகராட்சி வட்டார அலுவலகத்தில் மின்னணுக் கழிவை எங்கே, என்றைக்கு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். கொண்டுபோகும்போது பேருந்தில் வேண்டாம், அதன் வாய்களின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட டப்பாவில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.